படுத்திருக்கிறவருக்கு எவ்வளவு சாப்பாடு

ரெமிஜியஸுக்கு விபத்து நேர்ந்தபோது அவர் அந்த வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பெங்களூரை அடுத்த ஹெப்பகோடிப் பக்கம் துணிக்குச் சாயமேற்றும் சிறிய தொழிற்சாலை அது. கொதிநீர் ஓடும் குழாயின் மூட்டு பிரிந்து, எதிரே நின்றிருந்த அவர்மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வயிற்றிலிருந்து பாதம்வரை முன்பக்கம் வெந்துபோயிற்று. முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையிலும் பட்டது. முகம் தப்பியது.

பக்கத்து இயந்திரத்தில் நின்ற எத்திராஜ்தான் அவரைத் தாங்கிக்கொண்டுபோய் முற்றத்துக் குழாயடியில் உட்கார வைத்தான். ஒருவர் பற்பசையோடு ஓடிவந்தார், இன்னொருவர் பேனா மையோடு. "ஒண்ணியும் தடவாதீங்க, தண்ணி மட்டும் வுடுங்க!" என்று கத்தி எல்லோரையும் விரட்டிவிட்டு, வண்டி வரும்வரை பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். காயம் இன்னும் ஆழமாகப் போகாததற்கு அதுதான் காரணம் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எத்திராஜைப் பார்க்கும்போதெல்லாம் ஜூடித்துக்குக் கண் கலங்கிவிடும். அவன் கூச்சப்பட்டு வேறு எங்காவது பார்ப்பான்.

ஜூடித் ரெமிஜியஸின் மனைவி. இருவரும் கோலார் தங்கவயல்காரர்கள். ரெமிஜியஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த வருடத்தில் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. இரண்டாவது முறை சோறு போடப் போனால் தட்டின்மேல் கையை விரித்து மறைத்துவிடுவார்.

"போதும் ஜூடி. சும்மா குந்திக்கினு இருக்கிறவனுக்கு எதுக்கு?"

பசி இருந்தது என்று ஜூடித்துக்குத் தெரியும். வற்புறுத்தினால் எழுந்து போய்விடுவார் என்பதும் தெரியும். பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ருக்கு என்கிற அம்மாளின் மாடியறையில் குடியேறி, அவருக்கு வேலையும் கிடைத்த பிறகுதான் அந்தக் கை தட்டைவிட்டு விலகியது. மகள் கிரேஸ்கூட, "அப்பா இப்ப நல்லா சாப்புடுறாரு இல்லம்மா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில்தான் இப்படி ஆயிற்று.

நகரத்து அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் அவரைச் சேர்த்தார்கள். "முப்பது பர்சென்ட்" என்றார் டாக்டர். ஜூடித் அதைப் பரீட்சை மார்க்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். மீதி எழுபது நன்றாகத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா ருக்கு ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவள். தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும், யாருக்குப் பிரசவம் ஆனாலும், என்ன சாப்பிடலாம் என்ன சாப்பிடக் கூடாது என்பதை அவள்தான் சொல்வாள்.

"முட்டை வேணாம், மீன் வேணாம், கத்திரிக்காய் கண்ணுலயே காட்டாத. புண்ணு சீழ் புடிச்சுக்கும்" என்று ஜூடித்திடம் கண்டிப்பாகச் சொன்னாள். "ரவைக் கஞ்சி, ரசஞ்சோறு, இளநீர். அவ்ளோதான். படுத்துக்கினு இருக்கிற உடம்புக்கு வேற எதுவும் ஜீரணம் ஆவாது."

சொன்னதோடு விடவில்லை. காலையும் மாலையும் அவளே கஞ்சி காய்ச்சித் தூக்குப்பாத்திரத்தில் கொடுத்தனுப்பினாள். கிரேஸுக்கும் அவள் வீட்டிலேயே சாப்பாடு. ஜூடித் அந்தப் பத்தியத்தை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காலையில் கொடுக்கும் அவித்த முட்டையைக்கூட அவருக்குத் தராமல் பக்கத்துக் கட்டில்காரரின் அண்ணனுக்குக் கொடுத்துவிடுவாள். ரெமிஜியஸும் எதையும் கேட்கவில்லை. இரண்டு வாய் கஞ்சி குடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கட்டு மாற்றும் வலியில் மனுஷனுக்குப் பசி எங்கிருந்து வரும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கட்டிலருகே வந்து நின்றாள். கல்லூரி முடித்த களை முகத்திலிருந்து இன்னும் போகவில்லை.

"நான் மகா. டயட்டீஷியன். இந்த வார்டுக்குப் புதுசா போட்டிருக்காங்க" என்றாள். பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்துப் பெண் என்று பிறகு தெரிந்தது. "அக்கா, இவர் வெயிட்டு எவ்வளவு?"

"தெரியலையே மேடம். எழுந்து நிக்க முடியாது இல்ல?"

"அடிபடறதுக்கு முன்னாடி எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

ஜூடித் யோசித்தாள். ஊரிலிருந்து சாமான்களோடு வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிய அன்று, கிரேஸ் கேட்டாள் என்று அங்கிருந்த எடை பார்க்கும் மெஷினில் மூவரும் ஏறி நின்றார்கள். அவருக்கு அறுபது கிலோ என்று வந்தது.

"போதும்" என்றாள் மகா. "நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டாருன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஜூடித் சொன்னாள். பத்தியத்தைச் சரியாகக் காப்பாற்றிய பெருமை அவள் குரலில் இருந்தது. அரை டம்ளர் கஞ்சி, ஒரு இளநீர், மத்தியானம் இரண்டு கரண்டி ரசஞ்சோறு, நாலு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும், ராத்திரி மறுபடியும் கஞ்சி. மகா தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் கூட்டினாள்.

"அறுநூறு கலோரி வந்தா அதிகம்" என்றாள் மெதுவாக.

"கலோரின்னா?"

"உடம்பு எரிக்கிற விறகுன்னு வெச்சுக்குங்க. எவ்வளவு எரிக்குதோ அவ்வளவு சாப்பாட்டுலேர்ந்து வரணும்." மகா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "ஒருத்தரோட கை, விரலோட சேர்த்து, அவர் உடம்புத் தோல்ல ஒரு பர்சென்ட். உங்க வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி முப்பது கை அளவுக்குத் தோல் போயிருக்கு."

ஜூடித் கணவரின் இடது கையைப் பார்த்தாள். அது விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன, அகலமான கை. அப்படி முப்பது கை. மார்க்கு என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த முப்பது என்னவென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மகா கணக்கைச் சொன்னாள். அவர் எடை அறுபது கிலோ. கிலோவுக்கு இருபத்தஞ்சு என்றால் ஆயிரத்து ஐந்நூறு. அதற்குமேல் வெந்துபோன ஒவ்வொரு பர்சென்டுக்கும் நாற்பது. முப்பது நாற்பது ஆயிரத்து இருநூறு.

"மொத்தம் ரெண்டாயிரத்து எழுநூறு. ஒரு நாளைக்கு."

"படுத்துக்கினு இருக்கிறவருக்கா?"

"அவர் படுத்திருக்கார். அவர் உடம்பு படுக்கலைக்கா. தோல் இல்லாத இடத்து வழியா சூடு போய்க்கிட்டே இருக்கு, ஈரம் போய்க்கிட்டே இருக்கு. அதை ஈடு கட்டணும். புதுசா சதையும் தோலும் உண்டாக்கணும். அதுக்கு முட்டை வேணும், பால் வேணும், பருப்பு வேணும்."

"அப்ப இத்தினி நாளா... மீதி எங்கிருந்து வந்துச்சு?"

மகா குரலைத் தாழ்த்தினாள். "அவர் உடம்புலேர்ந்துதான். தோள்லேர்ந்து, தொடையிலேர்ந்து. இருக்கிற சதையைக் கரைச்சு எரிக்குது."

ஜூடித் போர்வையின் ஓரத்தை லேசாக விலக்கினாள். காறையெலும்புக்கு மேலே ஒரு கைப்பிடி அரிசி கொள்ளும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தினமும் பக்கத்திலேயே இருந்ததால் கண்ணில் படவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். மகாவும் பின்னாலேயே வந்தாள்.

"நீங்க எதுவும் தப்பு பண்ணலைக்கா. யாரும் சொல்லலை, உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்ப ஆரம்பிச்சாலும் லேட் இல்ல."

"நெஜமா சொல்றீங்களா மேடம்?"

"நெஜமாத்தான். வாங்க, அழுதது போதும். முதல்ல அந்த முட்டையை அவருக்குக் குடுங்க."

முட்டையைக் கொண்டுபோனதும் ரெமிஜியஸ் கையை உயர்த்தித் தடுத்தார். கட்டுப் போடாத அந்த இடது கையை விரித்து, அதே மாதிரி.

"வேணாம் ஜூடி. சும்மா கிடக்கிறேன். இதெல்லாம் எதுக்கு? கொழந்தைக்குக் குடு."

ஜூடித் மகாவைப் பார்த்தாள். மகா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, சுரங்கத்துல இருந்தப்ப ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

ரெமிஜியஸ் யோசித்து மெல்லச் சொன்னார். காலையில் ராகிக்களி, கருவாட்டுக் குழம்பு. கேரியரில் சோறு, ஆம்லெட். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மறுபடியும் சோறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. சொல்லச் சொல்லக் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்ப மூவாயிரத்தைத் தாண்டியிருக்கும். அது அதிகம்னு அன்னிக்கு நினைச்சீங்களா?"

"அது வேலை செஞ்சு துன்னதும்மா."

"இப்பவும் வேலைதான் நடக்குது. நீங்க பார்க்கலை, அவ்வளவுதான். முப்பது கை அளவுக்குத் தோல் நெய்யணும். காலை ஷிஃப்ட், மத்தியான ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட், மூணும் நீங்களே பார்க்கிறீங்க. லீவும் கிடையாது. இந்த வார்டுல உங்களை மாதிரி வேலை செய்யற ஆள் யாரும் இல்லை. டாக்டரும் இல்லை, நானும் இல்லை."

ரெமிஜியஸ் தடுக்கத் தூக்கிய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் லேசாக இளகியது. விபத்துக்குப் பிறகு ஜூடித் பார்க்கும் முதல் சிரிப்பு அது.

"மூணு ஷிஃப்ட்டா?" என்றார். கையை இறக்கினார். "உப்பு இருந்தா கொஞ்சம் தூவு ஜூடி."

அன்று மாலை வீட்டுக்கு வந்த ஜூடித், விஷயத்தை ருக்குவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடிப்படியிலேயே நின்றாள். ருக்கு அடுப்பில் ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படின்னா நானே மனுஷனைப் பட்டினி போட்டனா?"

"ருக்குக்கா, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க காய்ச்சிக் குடுக்கலன்னா அந்தக் கஞ்சிகூட அவருக்குக் கிடைச்சிருக்காது. எனக்கு அன்னிக்கெல்லாம் அடுப்புப் பத்த வெக்கவே கை வரல."

ருக்கு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, "இன்னா இன்னா குடுக்கணும்னு சொன்னா அந்தப் பொண்ணு? மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

மறுநாளிலிருந்து ருக்கு பத்தியத்தைப் பிடித்த பிடியிலேயே கலோரியையும் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் அவள் வீட்டு மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பொடித்து, பாலில் கரைத்து, ஒரு கரண்டி நெய் விடுவாள். ராகி மால்ட்டில் வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பாள். தெருவில் யார் கேட்டாலும், "அவருக்குத் தெனம் ரெண்டாயிரத்து எழுநூறு வேணும், தெரியுமா?" என்பாள். கேட்டவர்கள் ரூபாய் என்று நினைத்துப் பதறினார்கள்.

எத்திராஜ் வார விடுமுறை நாளில் முட்டையும் பழமும் வாங்கிக்கொண்டு வருவான். "நீங்க போய்ப் படுங்க அண்ணி, நான் பார்த்துக்கிறேன்" என்று ஜூடித்தை அனுப்பிவிட்டு, பகல் முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் டம்ளரை நீட்டுவான். ரெமிஜியஸ் முகத்தைச் சுளித்தால், "ஷிஃப்ட் நடுவுல நிக்கக் கூடாது அண்ணே" என்பான்.

ஆனால் எல்லாம் நேராகப் போகவில்லை. மூன்றாம் நாளே அவருக்கு வயிறு கெட்டுப் போனது. கட்டெல்லாம் நனைந்து, மறுபடி மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. வலியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுததை ஜூடித் அன்றுதான் பார்த்தாள். மகா ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இது என் தப்பு" என்று அவளே டாக்டரிடம் சொன்னாள். "இத்தனை நாள் காய்ஞ்சு கிடந்த வயிறு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்கணும். நான் அவசரப்பட்டுட்டேன்."

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. குறைத்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மகா ஜூடித்தின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றாள். ஒரு கோட்டு போட்டவள் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது ஜூடித்துக்கு என்னவோ போல் இருந்தது. அந்த ஒரு வார்த்தையால்தான் அவளுக்கு மகாவின்மேல் முழு நம்பிக்கை வந்தது.

அடுத்து காய்ச்சல் வந்தது. விழுங்க முடியாமல் ரெமிஜியஸ் துவண்டு போனார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, அதில் உணவு ஊற்றலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் ரெமிஜியஸ் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஜூடித்துக்குக் காரணம் தெரியும். அவர் அப்பா சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு, தங்கவயல் ஆஸ்பத்திரியில் அதே மாதிரிக் குழாயோடு கிடந்துதான் இறந்தார்.

அவள் குனிந்து அவர் காதருகே பேசினாள்.

"மாமாவுக்கு வெச்சது வேற. அவருக்கு இனிமே எதுவும் முடியாதுன்னு வெச்சாங்க. உங்களுக்கு, நீங்க எழுந்து நடக்கணும்னு வெக்கிறாங்க. எனக்காக ஒத்துக்குங்க. நீங்க தூங்குங்க, சாப்பாட்டு வேலையை நான் பார்த்துக்கிறேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அதுவே சம்மதம்.

குழாயில் போகும்படி உணவை நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். மகா சொல்லிக்கொடுத்தாள். சுத்தமான துணியில் வடிகட்டி, கைபொறுக்கும் சூட்டில், மெதுவாக. பால், முட்டை, பருப்புத் தண்ணீர், சர்க்கரை, எண்ணெய். ஜூடித் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் உதட்டுக்குள் ஜெபம் சொல்வாள். அந்த ஜெபம் முடிவதற்கும் அளவு இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.

காய்ச்சல் தணிந்ததும் அவரை உட்கார வைத்து எடை பார்க்கும் நாற்காலி ஒன்றை வேறு வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்து நாலு. ஜூடித் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"இவ்ளோ ஊட்டியும் ஆறு கிலோ போச்சா மேடம்? கணக்கு தப்பாயிடுச்சா?"

மகா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"கணக்கே ஒரு அந்தாஜுதான்க்கா. குத்துமதிப்பு. எங்கேயோ சில பேஷன்ட்டுங்களைப் பார்த்துப் பெரியவங்க போட்ட கணக்கு அது. உங்க வீட்டுக்காரரை அவங்க பார்த்ததில்ல. இவருக்குக் காய்ச்சல் வரும், வயிறு கெடும்னு அவங்களுக்குத் தெரியாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு அது சொல்லும். அதுக்கு மேல தராசைத்தான் கேட்கணும். அது குறைஞ்சா நாம ஏத்தணும். ஏறினா நிறுத்தணும்."

"இப்ப?"

"இன்னும் முந்நூறு சேர்ப்போம். இந்தத் தடவை மெதுவா."

அடுத்த வாரம் நாற்காலி மறுபடி வந்தது. ஜூடித் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகா முள்ளைப் பார்த்தாள். ஐம்பத்து நாலு. மகா வார்டு என்பதையும் மறந்து கை தட்டிவிட்டாள்.

"அதே தானே மேடம்? ஏறலையே?"

"குறையலைக்கா! குறையல! இனிமே உடம்பு உடம்பைச் சாப்பிடாது."

தொடையின் பின்பக்கத்திலிருந்து தோல் எடுத்து வயிற்றிலும் முழங்காலுக்குக் கீழும் ஒட்டினார்கள். கட்டைப் பிரித்துப் பார்க்கும் நாளில் ஜூடித், ருக்கு, எத்திராஜ் மூவரும் வராந்தாவில் நின்றார்கள். ருக்கு மாரியம்மன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"ஒட்டு பிடிச்சிருக்கு. நல்ல ரத்த ஓட்டம்" என்றார். கன்னடத்திலும் தமிழிலும் ஒருமுறை சொன்னார். "நான் தெச்சதை விட நீங்க ஊட்டினதுதான் பெரிய வேலை."

எத்திராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. இந்த முறை ஜூடித் அவன் பக்கத்தில் போய் நின்று, அவன் முதுகில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் மெதுவாக, ஆனால் ஒரே திசையில் போயின. குழாயை எடுத்தார்கள். ரெமிஜியஸ் தன் கையாலேயே கலந்த சோற்றை எடுத்து வாயில் வைத்தார். ஒரு நாள் ஜூடித் கொண்டுவந்த அடையைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஜூடித் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் அவளுக்குக் கண் மறைத்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டு அவளுக்கு ஞாபகமில்லை.

எடை ஐம்பத்தேழு ஆனது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடிவரை நடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று மகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே குறைக்கணும்."

"எதை?"

"சாப்பாட்டைத்தான். புண்ணு ஆறிடுச்சு. முப்பதுக்குப் போட்ட ஆயிரத்து இருநூறு இப்ப வேணாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு ரெண்டாயிரத்து சொச்சத்துல நிறுத்துங்க. வேலைக்குப் போனப்புறம் மறுபடி பார்த்துக்கலாம்."

ஜூடித்துக்கு மனசே வரவில்லை. "ஒரு மாசம் போவட்டுமே மேடம்" என்று பேரம் பேசினாள். ருக்கு அதற்கும் மேல். "நெய்யை நிறுத்தணுமா? யாரு சொன்னா? அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்தப் பெண் உண்மையிலேயே வந்தாள். ரெமிஜியஸ் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜூடித்தான் விடாமல் கூப்பிட்டிருந்தாள். எத்திராஜும் வந்திருந்தான். மாடியறை சின்னது என்பதால் ருக்கு தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தாள். ரெமிஜியஸால் இன்னும் சம்மணமிட முடியாது. அவருக்கு மட்டும் நாற்காலி. தோல் இழுத்துப் பிடிப்பதால் முழங்காலை ஓரளவுக்குத்தான் மடக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தார். தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று அவருக்காக எத்திராஜ் கேட்டிருந்தான்; தருவதாகப் பதில் வந்திருந்தது. நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தது.

இலையில் சோறு, கறிக்குழம்பு, முட்டை, ருக்கு செய்த அவரைக்காய்ப் பொரியல், பாயசம். மகா இலையைப் பார்த்துவிட்டு, "அய்யோ அக்கா, இதுவே ஒரு நாள் கணக்கு" என்றாள். கிரேஸ் சிரித்தாள்.

"உனக்கு யாரு கணக்கு போட்டது? எலும்பும் தோலுமா இருக்கிற" என்றாள் ருக்கு. "டாக்டர்ங்களுக்கும் ஊட்டுறவங்க வேணும். துன்னு."

ஜூடித் ரெமிஜியஸைப் பார்த்து, ஜெபம் சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினாள். வழக்கமாக அவள்தான் சொல்வாள். அவர் எப்போதும் தலை குனிந்து ஆமென் மட்டும் சொல்பவர். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எத்திராஜுக்கு நன்றி" என்றார் திடீரென்று. "தண்ணி ஊத்தினான். ருக்கம்மாவுக்கு நன்றி. அவங்க மிக்ஸி நல்லா இருக்கணும். கிரேஸ், அழாம பள்ளிக்கூடம் போச்சு. ஜூடிக்கு..." அங்கே நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார். "ஜூடிக்கு இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல ஆண்டவரே, உமக்கே தெரியும். இந்தப் பொண்ணு மகா. சும்மா கிடந்தவன் பக்கத்துல வந்து, உனக்கு இவ்வளவு வேணும்னு சொல்லிச்சு. அந்தக் கணக்கை மொதல்ல போட்டவங்க யாரோ, எந்த ஊரோ, அவங்க பசங்க நல்லா இருக்கட்டும்."

மகா தலையைக் குனிந்துகொண்டாள். ருக்குவுக்கு ஜெபத்தில் எப்போது கண் திறக்க வேண்டும் என்று தெரியவில்லை. கைகூப்பியபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்து குழம்பைப் பார்த்தாள்.

ரெமிஜியஸ் இன்னும் முடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், கட்டு மாற்றிய நர்சுகள், எடை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்று ஒவ்வொருவராக அவர் ஜெபத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். பெயர் தெரியாதவர்களை அடையாளம் சொல்லி நன்றி சொன்னார். குழம்பின் மேல் ஆடை படிந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.